மகளுக்குக் கல்லூரி ரைஃபிள் அணியில் இடம்: எப்போது, யாருக்கு, எப்படி எழுதுவது?

கேள்வி (எழுதியவர்: ஒஹாயோவிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். 2028-ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடிப்பாள். நடுநிலைப் பள்ளியில் படித்தபோது ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பின் கிளப்பில் தோழி ஒருத்தியுடன் சேர்ந்து ஏர் ரைஃபிள் சுடத் தொடங்கியவள், இன்று வாரத்தின் பெரும்பாலான மாலைகளைச் சுடுதளத்திலேயே கழிக்கிறாள். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நின்று சுடும் 60 ஷாட் போட்டியில் முழு எண் கணக்கில் 600-க்குச் சராசரியாக 582 புள்ளிகள் எடுக்கிறாள். ஸ்மால்போர் எனப்படும், தோட்டாவால் சுடும் .22 ரைஃபிளைத் தொட்டு ஓராண்டுதான் ஆகிறது. மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியில் 600-க்கு 560-ஐ ஒட்டி நிற்கிறாள். படிப்பிலும் குறையில்லை. இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும், கல்லூரி அணிக்காகச் சுடவும் வேண்டும் என்பது அவளுடைய விருப்பம்.

எனக்கும் என் கணவருக்கும் இந்த விளையாட்டு முற்றிலும் புதிது. கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் சில முறை சுட்டதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. ஊரில் பொறியியல் சேர்க்கைக்கு விளையாட்டு ஒதுக்கீடு கேட்பவர்கள் மாவட்ட, மாநில அளவிலான சான்றிதழ்களை அடுக்கி விண்ணப்பத்தோடு வைப்பார்கள். அதற்கென்று மதிப்பெண் உண்டு, வரிசை உண்டு. இங்கே அப்படி ஓர் அலுவலகமோ வரிசையோ இருப்பதாகத் தெரியவில்லை. பயிற்சியாளர்களே பிள்ளைகளைத் தேடி எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள் சிலர். நாம்தான் எழுத வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். பணம் கொடுத்தால் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பிள்ளையின் விவரங்களை அனுப்பிவைக்கும் நிறுவனம் ஒன்று எங்களைத் தொலைபேசியில் விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கிறது.

எப்போது எழுதத் தொடங்க வேண்டும், எந்தப் புள்ளிகளைக் காட்ட வேண்டும், அவள் இப்போது எடுக்கும் புள்ளிகள் போதுமா, உதவித்தொகை எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பனவற்றை இந்த வழியில் சென்றவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1 (எழுதியவர்: கல்லூரி வீரனின் தந்தை, கென்டக்கி)

வணக்கம், சகோதரி. என் மகன் கல்லூரி அணி ஒன்றில் மூன்றாம் ஆண்டாகச் சுடுகிறான். தாங்கள் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த உலகம் எவ்வளவு சிறியது என்பதைத்தான். கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றுக்கு நூற்றுக்கணக்கான கல்லூரிகள் உண்டு. ரைஃபிள் அணி வைத்திருப்பவை நாடு முழுவதிலும் ஏறத்தாழ முப்பதுதான். பெரிய பல்கலைக்கழகம், சிறிய கல்லூரி என்ற பிரிவுகளைத் தாண்டி அத்தனை அணிகளும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பு) வழங்கும் ஒரே கோப்பைக்காகப் போட்டியிடுகின்றன. அதனால்தான் மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவில் ஆடும் அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம் ரைஃபிளில் 11 முறை தேசியப் பட்டம் வெல்ல முடிந்தது. மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, டெக்சாஸ் கிறிஸ்டியன் ஆகியவை மற்ற முன்னணி அணிகள்.

ஆணும் பெண்ணும் ஒரே அணியில், ஒரே வரிசையில் நின்று சுடும் விளையாட்டு இது. பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வாய்ப்பும் உண்டு: டெக்சாஸ் கிறிஸ்டியன், நெப்ராஸ்கா, மிசிசிப்பி ஆகிய பல்கலைக்கழகங்களின் அணிகள் பெண்களை மட்டுமே கொண்டவை. டெக்சாஸ் கிறிஸ்டியன் பெண்கள் 2010-இல் ஆண்களும் இருந்த அணிகளை வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். மேற்கு வர்ஜீனியாவில் முதலாம் ஆண்டு மாணவியாக இருந்த ஜின்னி திராஷர் 2016-இல் கல்லூரிகளுக்கான தனிநபர் பட்டங்கள் இரண்டையும் வென்று, அதே கோடையில் ரியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தையும் வென்றார். தங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவளுக்குத் தெரிந்தே இருக்கும்.

ஒவ்வொரு போட்டியிலும் ஓர் அணிக்கு ஐந்து பேரின் பெயரைக் கொடுப்பார்கள். அவர்களுள் சிறந்த நான்கு பேரின் புள்ளிகளே கணக்கில் சேரும். ஒருவர் ஸ்மால்போரில் 600-க்கும் ஏர் ரைஃபிளில் 600-க்கும் சுடுவதால், ஓர் அணி எடுக்கக்கூடிய உச்சம் 4800. ஆக, ஒரு பயிற்சியாளர் ஓர் ஆண்டில் எடுக்கும் புதியவர்கள் இருவரோ மூவரோதான். இதனால், தங்கள் மகள் எவ்வளவு சிறந்தவள் என்பதற்கு இணையாக, அவள் சேரும் ஆண்டில் அந்த அணியில் எத்தனை இடம் காலியாகிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பக்கத்திலும் அணி உறுப்பினர்கள் எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்ற விவரம் இருக்கும். 2028 வசந்தத்தில் பட்டம் பெற்று வெளியேறுபவர்கள் யார், அவர்கள் அணிக்கு எத்தனை புள்ளிகள் கொடுத்துவந்தார்கள் என்பதைத் தாயும் மகளுமாக உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். இந்த வேலையை எந்த நிறுவனமும் தங்களுக்காகக் கவனத்தோடு செய்யாது. முப்பது பயிற்சியாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் இணையத்தில் வெளிப்படையாகவே இருக்கும்போது, அவற்றுக்குக் கடிதம் அனுப்பிவைக்க ஒருவருக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

காலக்கணக்கு இதுதான்: தங்கள் மகள் எந்தப் பயிற்சியாளருக்கும் இன்றைக்கே எழுதலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15-ஆம் தேதி வரை, அணியில் சேர்ப்பதைப் பற்றி அவர்கள் தனிப்பட்ட முறையில் பதில் எழுதக் கூடாது. விவரப் படிவமோ கோடை முகாம் அறிவிப்போ மட்டும் அனுப்பலாம். ஆகவே இப்போது பதில் வராவிட்டால் ஆர்வமில்லை என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல் கல்லூரியின் செலவில் நேரில் சென்று பார்க்க அழைப்பு வரலாம். இதற்கிடையில் என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்யுங்கள். முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பள்ளி ஆலோசகருக்கு ரைஃபிள் என்ற விளையாட்டு இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஆனால் இந்தப் பாடக் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

பதில் 2 (எழுதியவர்: இளையோர் கிளப் பயிற்சியாளர், வர்ஜீனியா)

வணக்கம், அம்மா. புள்ளிகள் போதுமா என்ற கேள்விக்கு நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

தேசியப் பட்டத்தை வெல்லும் அணிகள் அண்மை ஆண்டுகளில் 4700-ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ சுடுகின்றன. அதை நான்கு பேர், இரண்டு துப்பாக்கிகள் என எட்டால் வகுத்தால் ஒரு போட்டிக்கு 587-க்கும் மேல் வருகிறது. ஏர் ரைஃபிளில் இதைவிடக் கூடுதலாகவும் ஸ்மால்போரில் சற்றுக் குறைவாகவும் எடுப்பது வழக்கம். ஆனால் பல அணிகள் 4600-க்கும் 4700-க்கும் இடையே சுடுகின்றன. அங்கே ஒருவரின் சராசரி 575 முதல் 587 வரை. பத்தாம் வகுப்பில் ஏர் ரைஃபிளில் 582 எடுக்கும் பிள்ளையை இந்த இரண்டாம் வட்டத்துப் பயிற்சியாளர்கள் கவனிப்பார்கள். முதல் வட்டத்தாரும் கண்வைப்பார்கள். அவர்கள் பார்ப்பது அடுத்த இரண்டாண்டுகளில் அவளுடைய புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை.

தங்கள் மகளின் பலவீனம் ஸ்மால்போர்தான் என்பதைப் புள்ளிகளே சொல்கின்றன. இது அவளுக்கு மட்டுமே உரிய குறை அன்று. இளையோர் போட்டிகளில் பெரும்பகுதி ஏர் ரைஃபிளிலேயே நடப்பதால், திறமையான பிள்ளைகள் பலர் .22-ஐத் தாமதமாகத்தான் தொடுகிறார்கள். ஆனால் கல்லூரி அணியில் பாதிப் புள்ளி அதிலிருந்துதான் வருகிறது. உள்ளரங்கில் 50 அடி தூரத்தில், மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று சுட வேண்டும். இந்த மூன்றில் நின்று சுடுவதே ஆளைப் பிரித்துக் காட்டும். படுத்த நிலையில் நல்ல கல்லூரி வீரர்கள் அனைவரும் 200-ஐ நெருங்கிவிடுகிறார்கள். நின்ற நிலையில்தான் ஒருவர் 195 எடுக்க, இன்னொருவர் 180-இல் நிற்பார். ஆகவே மொத்தம் 560 என்று மட்டும் எழுதாமல் ஒவ்வொரு நிலையின் புள்ளியையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். மண்டியிட்ட நிலையில் பத்துப் புள்ளி இழக்கும் பிள்ளையைப் பயிற்சியாளர் விரைவில் திருத்திவிட முடியும் என்று அவருக்கே தெரியும். நின்ற நிலை வலுவாக இருந்தால் 560 என்ற மொத்தம் அவரை அச்சுறுத்தாது.

எந்தப் போட்டியின் புள்ளியை எழுதுவது என்பதிலும் கவனம் தேவை. யுஎஸ்ஏ ஷூட்டிங் என்ற தேசிய அமைப்பு நடத்தும் போட்டிகளில் ஏர் ரைஃபிளுக்குத் தசமக் கணக்கு உண்டு. ஒரு ஷாட்டுக்கு 10.9 வரை என்பதால் மொத்தம் 654 வரை போகும். கல்லூரிகளில் 10.0 என்றாலும் 10.9 என்றாலும் 10தான். ஆகவே தசமக் கணக்கில் 612 எடுத்த போட்டியையும், முழு எண்ணில் 582 எடுத்த போட்டியையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. முழு எண்ணை முதலில் எழுதிப் பக்கத்தில் தசமத்தையும் தரலாம். அதேபோல், சிஎம்பி என்ற துப்பாக்கிச் சுடுதல் பயிற்சி அமைப்பின் இளையோர் போட்டிகளில் ஏர் ரைஃபிளையே படுத்தும், நின்றும், மண்டியிட்டும் சுடுவார்கள். அதுவும் 600-க்குத்தான், ஆனால் கல்லூரி ஏர் ரைஃபிளில் அறுபது ஷாட்டையும் நின்றே சுட வேண்டும் என்பதால் அந்த 600-ஐ இந்த 600-உடன் ஒப்பிட முடியாது.

மிகச் சிறந்த ஒரு நாளை மட்டும் காட்டாதீர்கள். கடைசியாகச் சுட்ட பத்துப் பன்னிரண்டு போட்டிகளின் புள்ளிகளை இடம், தேதியோடு வரிசையாகத் தந்தால், நடுவில் ஒரு 571 இருந்தாலும், பயிற்சியாளர் அதைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. கிளப்பில் தனியாகச் சுட்ட பயிற்சிப் புள்ளியை அவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. மாநில ஜூனியர் ஒலிம்பிக் தகுதிப் போட்டி, ஒஹாயோவின் கேம்ப் பெரியில் சிஎம்பி நடத்தும் போட்டிகள், முடிந்தால் அலபாமாவின் அனிஸ்டனில் நடப்பவை ஆகியவற்றில் எடுத்த புள்ளி எதுவோ, அதுதான் மதிப்பு. கேம்ப் பெரி தங்கள் மாநிலத்திலேயே இருப்பது பெரிய வசதி. அங்குள்ள மின்னணு இலக்குகளில் மாதந்தோறும் நடக்கும் ஏர் கன் போட்டிகளுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சியாளர்கள் போட்டியில் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும்போது திரையில் தெரியும் புள்ளியைவிட, எட்டுப் புள்ளி மட்டுமே தரும் ஒரு ஷாட் விழுந்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். துப்பாக்கியை இறக்கி, மூச்சை ஒழுங்குபடுத்தி, முன்பு செய்த அதே முறையில் மறுபடி தூக்குகிறாளா, அல்லது அவசரமாக அடுத்ததைச் சுட்டு இழந்ததை மீட்கப் பார்க்கிறாளா? பிறகு, திரும்பித் தாய் தந்தையின் முகத்தைப் பார்க்கிறாளா? பெற்றோர் பின்னிருந்து ஜாடை காட்டும் பிள்ளையை எடுக்கப் பயிற்சியாளர்கள் தயங்குவார்கள். நான்கு ஆண்டுகள் அந்தப் பெற்றோருடன் பேச வேண்டியவர்கள் அவர்கள்தாமே.

மீண்டும் கேட்டவர்

இருவருக்கும் என் நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. தசமக் கணக்கைப் பற்றி மகளிடம் கேட்டேன். உடனே தன் குறிப்பேட்டை எடுத்துப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டாள்.

இன்னும் சில ஐயங்கள். என் கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். நானும் மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில் இருக்கிறோம். கிரீன் கார்டுக்கான வரிசையில் காத்திருக்கிறோம். ஸ்மால்போர் ரைஃபிளை இதுவரை கிளப்பிலேயே எடுத்துச் சுட்டு அங்கேயே வைத்துவிட்டு வருகிறாள். சொந்தமாக ஒன்று வாங்கித் தர எண்ணினால், விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். ராணுவக் கல்லூரிகளில் கட்டணமே கிடையாது, ரைஃபிள் அணியும் உண்டு என்றும் கேள்விப்பட்டோம். அவை எங்களுக்குப் பொருந்துமா? உதவித்தொகையைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

பதில் 3 (எழுதியவர்: முன்னாள் கல்லூரி வீராங்கனை, பொறியாளர்)

வணக்கம், அம்மா. நானும் எச்-4 விசாவில் வளர்ந்து, பிறகு எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறி, கல்லூரி அணிக்காக நான்காண்டுகள் சுட்டவள். தங்கள் நண்பர் கூறியது பெருமளவு சரி. விதிவிலக்கு ஒன்று இருப்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். சொந்தமாக வாங்கினால்தான் என்றில்லை, கையில் வைத்திருப்பதே போதும். ஆகவே கிளப்பின் ரைஃபிளைச் சுடுவதையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. வேட்டைக்கே போகாத எத்தனையோ வெளிநாட்டு மாணவர்கள் இந்த உரிமத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு சுடுகிறார்கள். பல மாநிலங்களில் முதல்முறை எடுப்பவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும். ஏர் ரைஃபிள் வெடிமருந்தால் இயங்குவதில்லை என்பதால் மத்தியச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே ஆகாது. மகள் அதில் இத்தனை நாள் சுட்டதைப் பற்றிக் கவலை வேண்டாம். .22-ஐப் பொறுத்தவரை, மகளுக்கு உரிமம் எடுங்கள். ரைஃபிளையும் தோட்டாவையும் வீட்டில் வைப்பதோ காரில் கொண்டுபோவதோ தாங்களும் தங்கள் கணவரும் என்றால், தங்கள் இருவருக்கும் அதே விதிதான். மாநிலச் சட்டங்கள் வேறுபடும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பம் இதில் சிறிதும் ஊகத்தில் நடக்கக் கூடாது. அடுத்த முறை .22-ஐத் தொடும் முன்பே குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க இருந்த பணத்தை இதற்குச் செலவிடுவது நல்லது.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி, கடற்படைக் கல்லூரி, விமானப்படைக் கல்லூரி மூன்றிலும் வலுவான ரைஃபிள் அணிகள் உண்டு. கல்விக் கட்டணம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த நாட்டு மாணவராகச் சேர அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையும் பெரும்பாலும் தேவை. பட்டம் பெற்ற பின் குறைந்தது ஐந்தாண்டு படையில் பணியாற்ற வேண்டும். கிரீன் கார்டு இன்னும் கைக்கு வராத நிலையில் 2028-க்குள் இது நடக்க வழியில்லை. இந்தக் கதவு மூடியிருப்பதை மகளிடம் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுவது அவளுக்கு நல்லது.

உதவித்தொகையைப் பற்றி: நான் படித்த காலத்தில் முதல் பிரிவில் ஓர் அணிக்கு அதிகபட்சம் 3.6 முழு உதவித்தொகைதான் அனுமதி. அதைப் பத்துப் பேர் வரை பங்கிட்டுக்கொள்வோம். என்சிஏஏ-வுக்கு எதிராகக் கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த உச்சவரம்பு நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. கூடுதலாகக் கொடுக்கலாம் என்றுதான் இதற்குப் பொருள். கொடுப்பார்கள் என்று பொருளில்லை. எனவே ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் நேரடியாகக் கேட்க வேண்டும். விசாவில் இருப்பதால் மத்திய அரசின் மாணவர் நிதியுதவி தங்கள் மகளுக்குக் கிடைக்காது. ஆனால் பல்கலைக்கழகம் தன் பணத்திலிருந்து தரும் விளையாட்டு உதவித்தொகைக்கும் படிப்புத் திறனுக்கான உதவித்தொகைக்கும் மத்திய அரசின் அந்தத் தடை பொருந்தாது. எங்கள் அணியில் பெரும்பாலோருக்குக் கல்விச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது படிப்புக்கான உதவிதான். ரைஃபிளுக்கானது அதன்மேல் சேர்ந்தது. இதனால்தான் மதிப்பெண்ணைப் புள்ளிக்கு நிகராகப் பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். படிப்புக்கான பணத்தைத் தானே கொண்டுவரும் பிள்ளை வந்தால் அவர்களால் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

வாய்மொழியாக இடம் தருகிறோம் என்று சொல்வது இருதரப்பையும் கட்டுப்படுத்தாது. ஒரு கல்லூரியில் சேர்வதாக வீரர் கையெழுத்திட்டு வந்த தேசிய ஒப்பந்தக் கடிதம் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது; இப்போது பல்கலைக்கழகம் எழுத்தில் தரும் நிதியுதவி ஒப்பந்தமே செல்லுபடியாகும். அதில் எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதியிருக்கிறது, காயமோ புள்ளிச் சரிவோ ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இயந்திரப் பொறியியலைப் பற்றி ஒரு சொல். போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பயிற்சிக்கு அனுமதி உண்டு. ஆய்வகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் நடக்கும். பயிற்சியும் பிற்பகலில் வைக்கும் அணி என்றால் இரண்டும் மோதும். நான் பார்க்கச் சென்ற ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் வேண்டாம், எளிய பாடம் எடு என்று என்னிடம் மென்மையாகச் சொன்னார்கள். நான் அங்கே சேரவில்லை. இப்போது அணியில் பொறியியல் படிப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த நேரத்தில் சுடுகிறார்கள் என்று தங்கள் மகள் அணித்தோழர்களிடமே கேட்க வேண்டும். நேரில் செல்லும்போது பயிற்சியாளர் இல்லாத ஓர் உணவு வேளையாவது அவர்களோடு கழிக்கக் கேளுங்கள். அங்கே கிடைக்கும் பதில்தான் உண்மையானது. ரைஃபிளே இல்லாவிட்டாலும் இந்தக் கல்லூரியில் நான்காண்டு படிப்பேனா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். மாட்டேன் என்று தோன்றும் கல்லூரிக்கு, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், எழுத வேண்டாம்.

மீண்டும் கேட்டவர்

தங்கையே, இவ்வளவு தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வழக்கறிஞரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டோம், அதுவரை .22-ஐத் தொடுவதில்லை என்று மகளும் ஒப்புக்கொண்டாள். அணிப் பக்கங்களைப் பார்த்து எட்டுக் கல்லூரிகளைத் தேர்ந்து வைத்திருக்கிறாள்; எங்கள் மாநிலத்தின் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆக்ரனும் அவற்றில் உண்டு. கடிதத்தை நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். இதில் நான் எந்த அளவுக்குத் தலையிடலாம்?

பதில் 4 (எழுதியவர்: இளையோர் கிளப் பயிற்சியாளர், வர்ஜீனியா)

அம்மா, அவள் சொன்னதே சரி. கடிதம் அவளுடைய முகவரியிலிருந்து, அவளுடைய மொழியில் போக வேண்டும். பெற்றோர் எழுதிய கடிதத்தைப் பயிற்சியாளர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள். எழுத்துப் பிழை பார்த்துத் தருவதோடு தாங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பள்ளி முடிக்கும் ஆண்டு, கிளப்பின் பெயர், படிக்க விரும்பும் பாடம், ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரி, அந்தப் பல்கலைக்கழகத்தை ஏன் தேர்ந்தாள் என்பதற்கு அவளுக்கே உரிய ஒரு காரணம், அடுத்து எந்தப் போட்டிகளில் சுடப் போகிறாள் என்ற தேதிகள், கிளப் பயிற்சியாளரின் தொடர்பு ஆகியவை இருந்தால் போதும். போட்டிப் புள்ளிகளைத் தனித் தாளில் இணைக்கலாம். மூன்று நிலைகளிலும் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படங்களைச் சேர்த்தால் உதவியாக இருக்கும். துப்பாக்கியின் எடையை எலும்பில் தாங்கி நிற்கிறாளா, தசையால் பிடித்து நிற்கிறாளா என்பது படத்திலேயே தெரிந்துவிடும். எட்டுக் கல்லூரிக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்ப வேண்டாம்; இந்தப் பயிற்சியாளர்கள் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்கள், வார இறுதிதோறும் சந்திப்பவர்கள். பல்கலைக்கழகத் தளத்தில் விவரப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பட்டும்.

விசா நிலையை முதல் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. எச்-4 பிள்ளைக்கு 21 வயதாகும்போது நிலை மாறும் என்பதால் பல்கலைக்கழகமும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். .22 விஷயம் தீரும் வரை ஏர் ரைஃபிளில் நின்று சுடுவதையும், குண்டு நிரப்பாமல் அதைத் தூக்கிப் பிடித்து விசையை அழுத்தும் பயிற்சியையும் தொடரட்டும்; நின்ற நிலையில் அங்கே கற்பது ஸ்மால்போருக்கும் அப்படியே உதவும். உரிமம் கிடைத்த பின் முதல் வேலையாக மண்டியிட்ட நிலையைச் சரிசெய்யுங்கள். ஜூன் 15-க்கு முன் ஒரு கடிதம் போகட்டும். இலையுதிர் காலப் போட்டிகள் முடிந்ததும் புதிய புள்ளிகளோடு இரண்டாவது போகட்டும். அந்த இரண்டு தாள்களுக்கும் இடையே ஸ்மால்போர் எத்தனை புள்ளி ஏறியிருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.